கேட்டால் சொல்லும்

அவருக்குத் தேநீர் ஒத்துக்கொள்ளாது என்று எங்கள் ஆபிஸில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குச் சற்று மேலே, ஒரு புடவைக்கடையின் மாடியில்தான் எங்கள் மென்பொருள் ஆபிஸ் இருந்தது. காலையில் கீழேயிருந்து பிளேன்டீ வரும். நாங்கள் ஆளுக்கொரு கிளாஸை எடுத்துக்கொள்ளும்போது அவர் மட்டும் சட்டைப்பையிலிருந்து ஒரு கோப்பிப் பக்கெட்டை எடுத்துக் கிழிப்பார். "எனக்கு டீ சரிவராது" என்பார். சொல்லும்போது கண் கிளாஸின் மேல்தான் இருக்கும்.

தேயிலைக்கு நடுவே பிறந்து, பால் குடிக்கிற வயதிலேயே சாயத்தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு டீ எப்படிச் சரிவராமல் போகும்? அவர் எங்கே பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். என் சித்தியை அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. அப்புத்தளைக்கு அந்தப் பக்கம், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் லயங்களில், மூடுபனி இறங்கினால் அடுத்த லயம் தெரியாத இடம். சித்தி வீட்டிலிருந்து இரண்டு லயம் தள்ளி அவருடைய அம்மா இருந்தார்.

யாராவது ஊர் கேட்டால் "பண்டாரவளை" என்பார். பண்டாரவளையில் எங்கே என்றால் "டவுனுக்குக் கிட்ட" என்பார். கிட்ட என்றால் எவ்வளவு கிட்ட என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். நான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், அறைக்கொரு குடும்பமாகப் பத்துக் காம்பரா லயத்தில் பிறந்தவள், அதை வந்த முதல் நாளே எல்லோரிடமும் சொன்னவள். அதனால்தானோ என்னவோ, ஆபிஸில் அவர் என்னிடம் மட்டும் கொஞ்சம் தள்ளியே உட்காருவார். முதல் வாரம் வாய் தவறி "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டேன். "அண்ணேன்னு எல்லாம் வேண்டாம், பேரைச் சொல்லுங்க" என்றார். கோபமாக இல்லை, பயமாகச் சொன்னார். அந்தச் சொல்லில் தோட்டத்து வாடை அடித்துவிடும் என்ற பயம்.

இப்படிப்பட்ட ஒருவருக்குத் தொழிலில் எது கைவந்தது என்று சொன்னால் சிரிப்பு வரும். மூடி வைத்ததைத் திறப்பதுதான் கைவந்தது.

புரோகிராம் எழுதும்போது ஒவ்வொரு பொருளுக்கும் 'கிளாஸ்' என்று ஒரு வார்ப்பு எழுதுவோம். அதற்குள் விபரங்களை வைக்கும் புலங்களில் சிலவற்றை எல்லோரும் பார்க்கலாம், சிலவற்றை 'பிரைவேட்' என்று அடைத்து வைப்போம். வெளியாள் தொட முடியாது. ஆனால் ரிஃப்ளெக்‌ஷன் என்று ஒரு வழி இருக்கிறது. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீ யார், உனக்குள் என்னென்ன வைத்திருக்கிறாய், எதை அடைத்து வைத்திருக்கிறாய் என்று அதனிடமே கேட்கலாம். அது ஒளிக்காமல் சொல்லிவிடும். வேறு யாரோ எழுதி, எழுதியவரே மறந்துபோன பழைய புரோகிராம்கள் எங்களிடம் வரும். நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருப்போம். அவர் வந்து உட்கார்ந்து சில வரிகள் எழுதுவார். அதன் குடலெல்லாம் திரையில் வந்து விழும்.

"கேட்டா சொல்லும்" என்பார். "கேக்கத் தெரியணும், அவ்வளவுதான். எதுவும் கேட்டா சொல்லும்."

இதை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். என் கூச்சம் எதற்கென்று யாருக்கும் புரிந்திருக்காது. அவருடைய பொய்யை நான் மடியில் கட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

வெட்கம் தடிமன் காய்ச்சலைப் போலத்தான், பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடத்துக்குள் எனக்கும் பிடித்துவிட்டது. மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோகும் ரொட்டியையும் சம்பலையும் மூடியைப் பாதி திறந்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். அம்மா போன் எடுத்தால் மாடிப்படிக்குப் போய் மெதுவாகப் பேசினேன். ஒரு கடையில் முகவரி கேட்டபோது பதுளையில் இருக்கும் பெரியம்மா வீட்டு முகவரியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஏன் கொடுத்தேன் என்று என்னையே கேட்டேன்.

அவரிடம் வெட்கமே இல்லாத ஒரு நேரமும் உண்டு. அது எக்ஸ்பிரஷன் ட்ரீயை வாசிக்கும் நேரம்.

சாதாரணமாக லாம்டா என்கிற ஒரு வரி நிபந்தனையை எழுதிக் கொடுத்தால் கொம்பியூட்டர் அதை ஓட்டிவிடும். ஆமாம், இல்லை என்று விடை மட்டும் வரும். அதையே எக்ஸ்பிரஷன் ட்ரீயாக வாங்கினால் அது ஓடாது. தலைகீழாக நட்ட மரமாய் நிற்கும். உச்சியில் ஒரு இணைப்பு, அதிலிருந்து இரண்டு கிளை, ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஒப்பீடு, அதன் அடியில் ஒரு புலமும் ஒரு எண்ணும். அந்த மரத்தில் ஏறி இறங்கி, அது சொல்வதைத் தமிழ் வாக்கியமாக மாற்றிக் கொடுக்கும் ஒரு துண்டை அவர் எழுதியிருந்தார். "குடும்பத்தில் ஐந்து பேருக்கு மேல் இருந்து, கூரையும் ஒழுகினால்" என்று திரையில் வரும். அதை அவர் சத்தமாக வாசிப்பார். அப்போது மட்டும் அந்தக் கடன் வாங்கிய டவுன் தமிழ் கழன்று, குரல் அவருடைய சொந்தக் குரலாக இருக்கும்.

"ஓட்டுறத எவனும் ஓட்டுவான். ஓட்டுறதுக்கு முன்னாடி அது என்ன சொல்லுதுன்னு வாசிக்கணும்ல" என்பார். 'வாசிக்கணும்ல' என்று வந்துவிட்டதே என்று உடனே தொண்டையைச் செருமிக்கொள்வார்.

அந்த மரம் எங்களுக்குப் பெரிய வேலை ஒன்றைக் கொண்டுவந்தது. லயத்துக் குடும்பங்களுக்குத் தனி வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு திட்டம். ஊவா மாகாணத்தில் பல தோட்டங்களிலிருந்து விண்ணப்பம் வந்திருந்தது, வீடு கொஞ்சம்தான். யாருக்கு முதலில் என்று திட்டத்துக்காரர்கள் நிபந்தனைகளைத் தெரிவு செய்வார்கள், நாங்கள் அதை மரமாக்கி வடிகட்டித் தரவேண்டும். ஆபிஸ் முதலாளி பதுளை டவுனில் தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பத்து முஸ்லிம். நாங்கள் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நானாவுக்கு அந்த வேலையில் பெருமை பிடிபடவில்லை.

ஒரு மண்டபத்தில் செய்து காட்டினோம். மேடையில் திரை, முன்னால் கோட்டுப் போட்டவர்கள். ஒரு உத்தியோகத்தர் விண்ணப்பங்களை மைக்கில் வாசித்துப் பார்த்தார். பெயர், தோட்டம், டிவிசன் என்று வந்து, "மூன்றாம் நம்பர் லயம், ஏழாவது காம்பரா" என்றபோது பின்வரிசையில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் காது சூடாகிவிட்டது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். லேப்டாப்பின் மேல் குனிந்து, எந்தப் பட்டனும் தட்டாமல் இருந்தார்.

மறுநாள் அவர் லயம், காம்பரா என்ற இரண்டு புலங்களின் தலையிலும் 'மறை' என்ற குறியைப் போட்டார். அடையாள அட்டை எண்ணுக்கும் தொலைபேசிக்கும் அந்தக் குறி முன்பே இருந்தது. அது எல்லா இடத்திலும் செய்வதுதான். லயத்துக்குப் போட்டது அவராகச் செய்தது. இனி எந்த மண்டபத்திலும் அது திரையில் வராது. "தனிப்பட்ட விபரம்தானே" என்று நானாவிடம் சொன்னார். நல்ல யோசனை என்று நானா தோளில் தட்டினார். எனக்கும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நிம்மதி எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், ஒரே ஆள் இரண்டு முறை விண்ணப்பித்திருந்தால் ஒன்றைக் கழித்துவிடும் பகுதி ஒன்று புரோகிராமில் இருந்தது. அதையும் அவர்தான் எழுதினார், அழகாக எழுதினார். ரிஃப்ளெக்‌ஷனால் விண்ணப்பத்திடம் உனக்கு என்னென்ன புலம் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒப்பீட்டைக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே மரமாகச் சேர்த்துவிடும். எல்லாம் சமமாக இருந்தால் இருவரும் ஒருவரே. ஆனால் 'மறை' என்று குறியிட்ட புலங்களைத் திரை தாண்டிப் போவதுபோல் இந்தப் பகுதியும் தாண்டிப் போகும். திரைக்கும் இதற்கும் கேள்வி கேட்கும் துண்டு ஒன்றேதான்.

பெயர்ப்பட்டியலைத் தோட்டங்களில் ஒட்டினார்கள். குறை இருந்தால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எங்கள் ஆபிஸுக்கு நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலையில், பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா குடையும் கையுமாக மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எம் பேரு மாரியாயி. எங்க தோட்டத்துல இன்னொரு மாரியாயி இருக்கா. அவளுக்கு வீடு வந்திருக்கு, எனக்குப் பேரே இல்ல. கேட்டா ரெண்டும் ஒரே ஆளுங்கிறாங்க. நானும் அவளும் எப்பிடிங்க ஒரே ஆளு? அவளுக்குப் பல்லே கெடையாது!"

நானா சிரித்துவிட்டு, அந்தப் பகுதியை எழுதியவரைக் கூப்பிட்டார். அவர் வந்து அந்தக் கழிக்கும் மரத்தைத் திரையில் எடுத்தார். வழக்கம்போல் வாசித்தார்.

"பெயர் சமமாக இருந்து, தோட்டம் சமமாக இருந்து, டிவிசன் சமமாக இருந்து, குடும்பத்தில் ஆட்களின் தொகையும் கூரையின் நிலையும் சமமாக இருந்தால்..."

"லயம் எங்க?" என்றார் மாரியாயி அம்மா.

அவர் வாசிப்பதை நிறுத்தினார்.

"அவ பணிய லயத்து மாரியாயி, நான் மேட்டு லயத்து மாரியாயி. தோட்டத்துல சின்னப் புள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லுமே. லயத்த விட்டுப்புட்டு ஆள எப்பிடித் தம்பி அடையாளம் சொல்லுவ?"

எங்கள் லயத்திலும் அப்படித்தான். தொங்கல் லயத்து ராசாத்தி, கோயில் லயத்து ராசாத்தி. ஒரு டிவிசனில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், லயம்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். கொழும்பில் பிறந்த ஒருவருக்கு இது தெரியாமல் போகலாம். அவருக்கும் எனக்கும் எப்படித் தெரியாமல் போகும்? தெரியும். அதை நினைக்க வேண்டாம் என்று இருந்தோம், அவ்வளவுதான்.

"அது மறைச்ச புலம், நானா" என்றார் அவர். சத்தம் எழும்பவில்லை.

"தனிப்பட்ட விபரம்னுதானே மறைச்சீங்க? அதுல பிழையில்லயே" என்றார் நானா. தப்பிக்க ஒரு வழியைத் திறந்து கொடுத்தார், நல்ல மனிதர்.

அவர் அந்த வழியில் போகவில்லை. மாரியாயி அம்மாவைப் பார்த்து, "வெக்கமா இருந்துச்சும்மா. நானும் லயத்துப் புள்ளதான். ஸ்கூல்ல எங்க காம்பரா நம்பரையும் இப்பிடித்தான் வாசிச்சுச் சிரிப்பாங்க" என்றார்.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பாவம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒனக்கு வெக்கமா இருந்தா ஒன் லயத்த மறைச்சுக்க. என் லயத்த எதுக்குய்யா மறைச்ச?"

இப்படிக் கேட்டுவிட்டுக் கையெழுத்தை வைத்தார், பசறை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இறங்கிப் போனார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் பாதி எனக்குத்தான். பெரியம்மா வீட்டு முகவரி நினைவுக்கு வந்து, என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் குறியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். மாரியாயி அம்மாவைப் போல் கழிக்கப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். நானா திட்டத்துக்காரர்களுக்குப் போன் கோல் எடுத்தார். நாலு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்து வைப்பவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம், மற்றவர்கள் அடுத்த கட்டத்துக்குக் காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கட்டம் எப்போது என்பது அவர்களுக்கே தெரியாது.

பெயர்கள் திரையில் நின்றன, இப்போது லயத்தோடும் காம்பராவோடும். அவருக்கு முன்னால் அந்தப் பெயரைப் பார்த்தவள் நான்தான். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம். சித்தி வீட்டிலிருந்து இரண்டு லயம் தள்ளி. டவுனில் வீடு எடுத்துக் கூட்டிப் போகிறேன் என்று மகன் சொல்லிக்கொண்டே இருக்க, அவருடைய அம்மா அவரிடம் சொல்லாமலே விண்ணப்பம் போட்டிருக்கிறார். அவரும் பார்த்துவிட்டார். என் நாற்காலிப் பக்கம் வந்து குனிந்தார்.

"இந்தக் கோல நீங்க எடுங்க, புள்ள" என்றார். என்னை அவர் புள்ள என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். "நான் எடுத்தா வரமாட்டாங்க. இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கு வரட்டும். வந்தா எல்லார்கிட்டயும் நானே சொல்லிருவேன், எங்க அம்மான்னு."

நான் கோல் எடுத்தேன். வீட்டு விசயம் என்றதும் அந்த அம்மாவுக்குச் சந்தோசம். எந்த ஆபிஸ் என்று சொன்னதும் அந்தச் சந்தோசம் போய்விட்டது.

"அங்கயா வரணும்? வேற எங்கயும் கையெழுத்து வைக்க ஏலாதாம்மா?"

"இல்லம்மா, இங்கதான். நாலு மணிக்குள்ள."

"அந்த ஆபிஸ்ல ஒரு தம்பி வேல செய்யுது. நான் வந்தா அதுக்கு ஒண்ணும் கொறைச்சலா வந்துறாதே?"

நான் ஒன்றும் வராது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மூன்றரைக்கு அந்த அம்மா வந்தார். கோயிலுக்குக் கட்டும் சேலை, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். செருப்பைக் கீழே, படிக்கட்டின் அடியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி வந்திருந்தார். மகன் வாசலுக்கு நேராகத்தான் நின்றார். அந்த அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டு, "வணக்கம்ங்க சேர்" என்றார். எனக்கும் அதே கும்பிடு, நானாவுக்கும் அதே கும்பிடு.

நானா விபரம் கேட்டார். பெயரும் தோட்டமும் லயமும் காம்பராவும் கணீரென்று வந்தன. தடுமாற்றமில்லை. இத்தனை நாள் ஏன் கேட்டு வரவில்லை என்று நானா கேட்டபோது மட்டும் குரல் இறங்கியது.

"எடம் தெரியலைங்க."

அவர் முன்னால் வந்தார். "நானா, இவங்க எங்க அம்மா" என்றார். ஆபிஸில் அத்தனை பேருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

அந்த அம்மா பதறிப்போனார். என்னைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், மகனை மட்டும் பார்க்கவில்லை.

"ஐயையோ, அப்பிடியெல்லாம் இல்லீங்க. சேர் நல்ல மனசுல சொல்றாரு. நான் தோட்டத்து ஆளுங்க, சேருக்கும் எனக்கும் ஒண்ணுமில்லீங்க."

"அம்மா, சொல்லிட்டேன்மா. எல்லாருக்கும் தெரியும்மா" என்று அவர் கையைப் பிடிக்கப் போனார். அந்த அம்மா தன் கை அவர் சட்டையில் பட்டுவிடாதபடி ஒதுங்கி, மேசையில் குனிந்து எழுத்துக் கூட்டிக் கையெழுத்தை வைத்தார். எல்லோருக்கும் மறுபடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேகமாகப் படியிறங்கினார்.

அவரும் பின்னாலேயே ஓடினார். நான் ஜன்னலுக்குப் போனேன். நடுத்தெருவில், அத்தனை கடைக்கு முன்னாலும், அவர் "அம்மா, அம்மா" என்று கத்திக் கூப்பிட்டுக்கொண்டே போனார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் திரும்பவேயில்லை.